எழுதினால் எண், இறங்கினால் ஈரம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு, அல்லது ஏழாவது மாடி ஆய்வு அலுவலர் ஐயா அவர்களுக்கு (எது பொருந்துமோ அதை டிக் செய்துகொள்),

வாலு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாமல் கிடந்தது அம்மாவின் தையல் மிஷின் மட்டும்தான். அதுவும் நேற்று எண்ணெய் குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டது. உன் சுகத்தை நீ எழுதினால்தான் உண்டு. போனில் எது கேட்டாலும் 'ம்' என்கிறாய். சாப்பிட்டாயா? ம். எப்போது வருகிறாய்? ம். இத்தனை படித்தும் உன்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு மெய்யெழுத்துதானா? கடிதத்தில் 'ம்' மட்டும் எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். அதனால்தான் கடிதம். தவிர, மொட்டைமாடிக்கு ஏறினால்தான் சிக்னல், அம்மாவின் முட்டிக்கு மாடி ஆகவில்லை.

முக்கியச் செய்தி: உங்கள் அலுவலகத்து ஆள் வந்துவிட்டுப் போனார். கழுத்தில் ஓர் அட்டை, அதில் அவர் படம். கையில் ஓர் அட்டை, அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை பதில்கள். கரைச் சேற்றில் இறங்கியதில் காலிலும் ஓர் அட்டை. அது மட்டும் கேள்வியே கேட்காமல் ரத்தம் எடுத்தது. அட்டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

நான்தான் அவருக்கு வழிகாட்டி. மூன்று நாள், நூற்று நாற்பத்து மூன்று வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதே ராகத்தில் அதே கேள்வி: "பிள்ளைங்க எட்டாவதுக்கு மேல படிக்காம நின்னுடறாங்களே, அதுக்கு முக்கியமான காரணம் என்ன? இந்த அட்டையைப் பார்த்து எண்ணை மட்டும் சொன்னாப் போதும்."

முதல் வீட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்தது. கேட்டவருக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரிந்தது. சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த வீட்டிலிருந்து நான் முன்னால் ஓடிப்போய், "வளவளன்னு பேசாதீங்க, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று சொல்லிவைத்தேன். வேடிக்கை வீட்டுக்கு வீடு நடந்தது. என்ன வேடிக்கை என்று நேராகச் சொல்ல மாட்டேன். அவிழ்த்துக்கொள்:

எழுதினால் எண்.
இறங்கினால் ஈரம்.
கோபத்திடம் சொன்னால் அடங்கும்.
அது என்ன?

அவிழ்க்காவிட்டால் இனி நீ புள்ளிவிவரப் புலி இல்லை. வெறும் புள்ளி.

இப்படிக்கு,
வாலு

*

பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'ம்' என்பதற்கு மேல் எழுத முயல்கிறேன்.

இங்கே ஜன்னல்கள் திறக்காதவை. வெளியே பேருந்துகள் சத்தமில்லாமல் போகும், மீன்தொட்டிக்குள் பார்ப்பதுபோல. என் மேசைக்கு எதிர்ச் சுவர் முழுக்க ஒரு வரைபடம். நம் குடியிருப்பு அதில் ஒரு குண்டூசி. பக்கத்தில் ஆறு, காகிதத்தின் நிறத்திலேயே போகிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகும் நேரத்தில் அது லேசாக நகர்வதுபோல் இருக்கும்.

நீ கேலி செய்யும் அந்த அட்டை என் வேலை. வளர்ச்சித் துறை எங்கள் நிறுவனத்திடம் கேட்டிருப்பது ஒரே கேள்வி: அந்தக் கரைப் பிள்ளைகள் மேலே படிக்க ஆற்றின் மேல் நடைபாலம் கட்ட வேண்டுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? யாரோ கை நீட்டிய இடத்தில் பாலம் கட்டிய காலம் முடிந்துவிட்டது, வாலு. இப்போது மக்களிடம் கேட்கிறோம், எண்ணுகிறோம், பிறகு சொல்கிறோம். அதற்குத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

ஒரு விஷயம். நான் அந்தக் கரைக்காரன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தால், சொந்த ஊருக்குச் சார்பாக எழுதுகிறான் என்பார்கள். அட்டைக்காரரிடம் நீ வாய் விடவில்லையே?

விடுகதைக்கு நேரமில்லை. அம்மாவின் முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்

*

ஏப்ரல் 15

அன்புள்ள புள்ளிக்கு,

வாய் விடவில்லை. நீ எனக்கு அண்ணன் என்று நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. கவலையே வேண்டாம்.

தைலம் வந்தது. அம்மா முட்டியில் பாதியும் மிஷினில் பாதியும் தடவிவிட்டாள். இரண்டும் சத்தம் குறைந்து நடக்கின்றன.

சீருடைத் தையல் ஆரம்பித்துவிட்டது. உன் பழைய அறையில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். மதியம் ஆற்றுக்காற்று வந்தால் எல்லாச் சட்டைகளும் ஒரே பக்கம் திரும்பும். தலையில்லாத ஒரு வகுப்பு, யாரோ கேள்வி கேட்டதுபோல. நான் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாமல் போகும். நேற்று அப்படித்தான், சட்டைகள் இறங்கி வரிசையாக வாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போயின. தண்ணீருக்கு மேலே நடந்தன. நனையவில்லை. அக்கரையில் மணி அடிக்கும் நேரத்தில் அம்மா, "மாவு மில்லு மூடிடுவான், எழுந்திருடி" என்றாள். கனவுக்கு எப்போதும் அம்மாதான் மணி அடிக்கிறாள்.

அந்த வரிசையில் கடைசிச் சட்டை கண்ணாடியுடையது. உனக்கு ஞாபகம் இருக்கும், தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்பில் வாத்தியாரின் கணக்கையே திருத்துவாளே, என் கூட்டாளி. போன மழையில் அக்கரைப் பள்ளிக்குப் படகு அறுபத்திரண்டு நாள் ஓடவில்லை. வருகைக் கணக்கில் அவள் பேரை எடுத்துவிட்டார்கள். இப்போது ஓட்டுத் தொழிற்சாலையில் ஓடு அடுக்குகிறாள். அம்மா சட்டையைக் கழற்றித் தரவும் இல்லை, விற்கவும் இல்லை. எனக்கும் அதே அறுபத்திரண்டு நாள்தான். தலைமையாசிரியை இந்த ஒரு தடவை மட்டும் கையெழுத்துப் போட்டார். "அடுத்த வருஷமும் இப்படின்னா நீயும் ஓடு அடுக்கத்தான் போவே, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லித்தான் போட்டார்.

அதனால், ஐயா, கொஞ்சம் சீக்கிரம் எண்ணுங்கள்.

விடுகதை என்ன ஆயிற்று? ஒரு குறிப்பு தருகிறேன்: உன் அட்டையிலேயே இருக்கிறது, உன் அட்டையில் மட்டும் இல்லை.

இப்படிக்கு,
வாலு

*

ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

அறிக்கை வெளிவந்துவிட்டது. முதல் பக்கத்தில், சிறிய எழுத்தில்தான், என் பெயர் இருக்கிறது. இயக்குநர் அம்மா எல்லோர் முன்னாலும் "சுத்தமான வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்.

சுருக்கப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். எனக்கே முதலில் நம்ப முடியவில்லை. காரண எண் மூன்று, 'போக்குவரத்து வசதியின்மை', அதுதான் அதிகம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வெறும் ஒன்பது வீட்டில். நூற்றுப் பதினெட்டு வீட்டில் வந்தது காரண எண் ஆறு: 'படிப்பில் ஆர்வமின்மை'. நூற்றுக்கு எண்பத்து மூன்று. மூன்று நாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, என் ஞாபகம்தான் பிசகு என்று முடிவு செய்தேன். ஒருவனுடைய ஞாபகம் பெரிதா, நூற்று நாற்பத்து மூன்று வீட்டின் வாய்ச்சொல் பெரிதா?

எனவே நடைபாலத்துக்குப் பரிந்துரை இல்லை. விழிப்புணர்வு இயக்கத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறோம். சோதனையாக ஒரு குழு உங்கள் கரைக்கு இந்த மாதமே வரும். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி துறைக்குழு கூடி முடிவு செய்யும்.

கண்ணாடியைப் பற்றி எழுதியிருந்தாய். வருத்தமாக இருக்கிறது. அவளுக்காவது படிப்பில் ஆர்வம் இருந்தது.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூலை 2

அண்ணா,

இந்தக் கடிதத்தில் கேலி இல்லை. இருந்தால் அது பழக்கதோஷம், மன்னித்துக்கொள்.

உங்கள் குழு வந்தது. படகில் ஒலிபெருக்கியும் ஒரு கட்டுச் சுவரொட்டியும் ஆறு பேரும். படகுக்காரரை நாங்கள் மாலுமி என்று கூப்பிடுவோமே, அவர் இரண்டு நடை ஓட்ட வேண்டியிருந்தது. விழிப்புணர்வுக் கூட்டம், பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேரிடம் ஒருவர் மைக்கில் சொன்னார், "படிப்பின் மேல் ஆசை வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்வத்தை ஊட்டுங்கள். நீங்களே சொன்ன குறைதான் இது."

கண்ணாடி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். முகமெல்லாம் செம்மண் தூள், கண்ணாடிக்குள் இருந்த இரண்டு வட்டம் மட்டும் சுத்தம். "நாங்களா சொன்னோம்? எப்ப?" என்று என்னிடம் கேட்டாள். உன் சுருக்கப் பக்கம் என் பாவாடைப் பைக்குள் மடித்து இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "எண்பத்து ரெண்டரைதான் வருது, எண்பத்து மூணுன்னு முழுசாக்கிட்டாங்க" என்றாள். அவள் முதலில் திருத்தியது அதைத்தான். அதற்கப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், ரொம்ப நேரம்.

விடுகதைக்கு விடை: ஆறு.

அட்டைக்காரர் காரணம் கேட்டார். முதல் வீட்டில் அந்தப் பெரியவருக்கு அட்டையைப் படிக்கக் கண் தெரியாது. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "ஆறு" என்றார். அதோ ஓடுகிறதே, அந்த ஆறு. அட்டைக்காரர் குனிந்துகொண்டே இருந்தார், நிமிரவில்லை. 6 என்று எழுதினார். நான் தலைகீழாகப் பார்த்தேன், அது ஒன்பதாகத் தெரிந்தது. அவர் அடுத்த கேள்விக்குப் போனபோதுதான் புரிந்தது. சத்தியமாக, என் வாழ்நாளில் அவ்வளவு அழகான சிலேடையைக் கேட்டதில்லை. அதுவும் யாரும் போடாமலே விழுந்த சிலேடை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை. அதனால் மற்ற வீடுகளில் 'மழை வந்தா படகு ஓடாது, பிள்ளைங்க எப்படிப் போகும்' என்று ஆரம்பித்தவர்களையெல்லாம் ஒரே வார்த்தைக்குள் அடைத்தது நான்தான். உனக்கு எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுத் திருத்திவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ சிரிக்கவில்லை. திருத்தவும் இல்லை. அதற்காக உன் மேல் பழி போடவில்லை. பாதிப் பழிதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் அட்டையில் ஒன்பது காரணம் இருக்கிறது. அதில் ஆறு ஏன் இல்லை? நீ பதினான்கு வயதில் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதைத்தானே கடந்து போனாய்?

ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு இன்னும் நாற்பத்தோரு நாள் இருக்கிறது. சொல்லிவிடு அண்ணா.

வாலு

*

ஜூலை 15

தங்கைக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன்.

நீ செய்தது குறும்பு இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அட்டையில் ஆறு ஏன் இல்லை என்று கேட்டாய். அட்டை பழைய படிவத்திலிருந்து எடுத்தது, எல்லா மாவட்டத்துக்கும் பொதுவானது. பத்தாவதாக ஒரு வரி சேர்க்கப் பேனாவை எடுத்தேன். சேர்த்தால், ஏன் இந்த இடத்துக்கு மட்டும் என்று கேட்பார்கள். கேட்டால், நான் எங்கிருந்து வந்தேன் என்பது வெளியே வரும். பேனாவை மூடிவிட்டேன். அவ்வளவுதான்.

இப்போது போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது. இந்த ஓர் அறிக்கையோடு நிற்காது. இதே ஆட்கள், இதே அட்டை, இன்னும் பன்னிரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறது. எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். இந்த இடத்தில் பிழையை ஒத்துக்கொண்டவன் அதன் பிறகு பிழைக்க முடியாது. ஆறு வருஷ வேலை.

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே. அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

அண்ணன்

*

ஜூலை 27

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இது கடைசிப் படகு. மாலுமி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "தண்ணி படிக்கட்டு நாலைத் தொட்டாச்சு, கடுதாசி எழுதுறியா காவியம் எழுதுறியா, சீக்கிரம் தா" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

'பிழையை ஒத்துக்கொண்டவன் பிழைக்க முடியாது' என்று எழுதியிருக்கிறாய். ஒரே சொல்லை இரண்டு தடவை போட்டிருக்கிறாய், கவனித்தாயா? இந்த வேலை வழக்கமாக என்னுடையது. நீ கவனிக்காமல் போட்டதால் சொல்கிறேன்: அந்தச் சொல்லே இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது.

கூட ஒரு நோட்டு அனுப்பியிருக்கிறேன். நானும் கண்ணாடியும் பதினோரு நாள் சாயங்காலம் நூற்று நாற்பத்து மூன்று வீட்டுக்கும் மறுபடி போனோம். அட்டை இல்லை. ஆறு என்றவர்களிடம், "அன்னைக்கு நீங்க 'ஆறு'ன்னு சொன்னீங்களே, என்ன நெனச்சுச் சொன்னீங்க? முழுசாச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி" என்று கேட்டோம். ஆட்கள் பேசினார்கள், அண்ணா. ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம். சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறது. கையெழுத்து அவளுடையது, ஏனென்றால் என்னுடையதை உன்னால் படிக்க முடியாது.

நூற்றுப் பதினெட்டில் நூற்றுப் பதினொரு வீடு ஓடுகிற ஆறு. மூன்று வீட்டில் ஞாபகமில்லை. நான்கு வீட்டில் நிஜமாகவே அட்டையைப் படித்து, பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்றுதான் ஆறு என்றார்களாம். அந்த நான்கை விட்டுவிடலாம், நூற்றுப் பதினெட்டும் ஓடுகிற ஆறு என்றே எழுதலாம், பார்க்க நன்றாக இருக்கும் என்று நான் சொன்னேன். கண்ணாடி பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நீயே எழுதிக்கோ" என்றாள். அதனால் நான்கும் உள்ளே இருக்கிறது. ஓடு அடுக்குகிற பெண் உன் ஆய்வைச் சுத்தமாகச் செய்திருக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் நான் செய்ததை நான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பட்டப்பெயர் இல்லை, பள்ளிப் பெயர். உனக்கு உதவுமென்றால் யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உதவாவிட்டால் உன் மேசை டிராயரில் வை. ஆனால் அந்தச் சுவரில் காகித நிறத்தில் ஓர் ஆறு நகர்கிறது என்று எழுதினாயே, அதைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவாய்?

மாலுமி கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 14

அன்புள்ள வாலுவுக்கு,

படகு நின்றிருக்கும். இது அக்கரைத் தபால் நிலையத்தில் படுத்திருக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். செல்போன் கோபுரமும் மழையில் விழுந்துவிட்டதாம், அம்மாவின் போன் மூன்று வாரமாக எடுக்கவில்லை.

நோட்டை எட்டு நாள் டிராயரில் வைத்திருந்தேன். நீ சொன்ன இடத்தில்தான். ஒன்பதாம் நாள் மதியம் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அந்த வெளிறிய கோடு மெல்ல அகலமாகி, சுவரிலிருந்து இறங்கி, மேசைகளின் கால்களைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தது. யாரும் காலைத் தூக்கவில்லை. எனக்கு மட்டும் செருப்பு நனைந்தது. அந்த நனைந்த காலோடு இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனேன்.

நோட்டு முழுவதையும் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "யாருப்பா இந்தப் பொண்ணு?" என்றார்.

"என் தங்கச்சி மேடம்."

"அப்ப நீ?"

குண்டூசியைக் காட்டினேன். அவர் எழுந்து போய் அதன் பக்கத்தில் விரலை வைத்து, கோட்டின் மேலேயே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார். "இது ஆறா? நான் மடிச்ச தழும்புன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "இத சொல்ல உனக்கு ஏழு மாசம் ஆச்சா?" என்றார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இனி இருக்காது, மேசையையும் மாற்றிவிட்டார்கள். மற்றப் பன்னிரண்டு இடத்து அட்டைகளையும் பிரித்துப் பார்க்கிறார்கள். துறைக்குழு பாலத்தைப் பற்றிய முடிவை அக்டோபருக்கு ஆறப்போட்டிருக்கிறது. பாலம் வருமென்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஒன்று மட்டும் முடியும். மறுபடி போய்க் கேட்கும் வேலையை எனக்கே தண்டனையாகக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை அட்டை கிடையாது. கேள்விக்குக் கீழே பன்னிரண்டு வெற்றுக் கோடு. கண்ணாடியின் நோட்டைப் பார்த்து அப்படிச் செய்யச் சொன்னவர் இயக்குநர் அம்மா. அந்த நான்கு வீட்டைக் காட்டி, "இதனாலதான் மத்த நூத்துப் பதினொண்ண நம்புறேன்" என்றார். அவளிடம் சொல்லிவிடு.

உன் மேல் எனக்குப் பாதிக் கோபம் இருந்தது. ஆறு என்று சொல்லிப் பார்த்தேன். அடங்கிவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 6

அண்ணா,

படகு நின்று நாற்பது நாள். இந்தக் கடிதம் உன்னிடம் வர வேண்டுமென்றால் படகு ஓட வேண்டும். படகு ஓடினால் அதில் நீயே வந்துவிடுவாய். ஆக, தேவைப்படும்போது வராது, வரும்போது தேவைப்படாது. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

நாற்பது நாளும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாய் என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரம், வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நினைப்பதை விட்டுவிட்டுச் சட்டைகளுக்குக் கீழே படுத்துக்கொண்டேன். காற்று ஈரமாக வருகிறது, சட்டைகள் முன்னைப்போல் திரும்புவதில்லை, கனத்துத் தொங்குகின்றன.

நேற்றுக் காலை மாலுமி வந்து வாசலில் நின்றார். "உங்க வீட்டு ஆளு மாதிரி இருக்கு. அந்தக் கரையில ஒருத்தன் குடைய விரிக்காம கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறான்" என்றார். குடையை விரிக்காமல் நனைகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தான் உண்டு. ஓடினேன். மூடுபனி தண்ணீரின் மேல் படுத்திருந்தது. அதற்கு அப்பால் நீ ஒரு புள்ளி. கையை ஆட்டினேன். புள்ளி ஆடியது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு கரை வரைக்கும் வந்துவிட்டாள். "சாப்பிட்டியா?" என்று அங்கிருந்தே கத்தினாள், ஏதோ நீ பக்கத்து அறையில் இருப்பதுபோல. நீ என்ன சொன்னாயோ, ஆற்று இரைச்சலில் கேட்கவில்லை. 'ம்' என்றுதான் சொல்லியிருப்பாய்.

ஒன்றை ஜூலைக் கடிதத்தில் எழுதாமல் விட்டேன். நோட்டின் கடைசிப் பக்கத்திலும் எழுதவில்லை. பிப்ரவரியில் மூன்றாம் நாள், கண்ணாடியின் வீடு. அவள் அம்மாவிடம் நான் முன்னாலேயே ஒரே வார்த்தை என்று சொல்லிவைத்திருந்தேன். அட்டைக்காரர் கேட்டதும் அவள் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, நிறைய இருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, "ஆறு" என்றாள். அவர் 6 போட்டார். நான் சிரித்தேன். அண்ணா, அப்போதும் நான் சிரித்தேன். இதைக் கண்ணாடியிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். அவள், "தெரியும். அம்மா அன்னைக்கே சொல்லிச்சு" என்றாள். தெரிந்துகொண்டேதான் பதினோரு நாள் என்னோடு வீடு வீடாக நடந்திருக்கிறாள்.

அவளுடைய சட்டையை அம்மா நேற்று கயிற்றிலிருந்து எடுத்து, தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டுத் தைத்திருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இன்று மதியம் நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டு ஏழில் உட்கார்ந்திருந்தோம். பனி கொஞ்சம் விலகியது. நீ குனிந்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாய். காகிதங்கள், பக்கத்தில் பக்கம், தூரத்திலிருந்து ஒரு படுக்கை விரிப்பு மாதிரி. அவ்வளவும் உன் அலுவலகப் படிவமாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தாய். காற்றில் வளைந்தது. நடுவில் கறுப்பாக, பெரிதாக ஏதோ ஒன்று.

எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர். மழைத் தண்ணீர் என்றுதான் அவளிடம் சொன்னேன். "என்னடி எழுதியிருக்கு? எண்ணா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எண் இல்லடி. எழுத்து. ரெண்டே எழுத்து."

விடுகதைக்கு விடை நான் சொன்னதுதான், அவிழ்த்தது நீ. இனி உன்னைப் புள்ளி என்று கூப்பிட மாட்டேன். ஆனால் படகு ஓடுகிற வரைக்கும் நீ புள்ளிதான், நான் என்ன செய்ய? உன் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்களும் இரண்டு புள்ளி. எண்ணிக்கொள்.

கரையிலிருந்து,
வாலு